வெடிக்காத டயர்

என் அண்ணியை இந்தத் தெருவில் எல்லோரும் டயர்க்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரர்கூட "டயர்க்கா வீடு எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். கல்யாணமாகி அவர் வந்தபோது டயர் கடை என் அண்ணன் பேரில் இருந்தது. பேரில் மட்டும்தான் இருந்தது. கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். யாருடைய வண்டியையாவது எடுத்துக்கொண்டு "டெஸ்ட் பண்ணிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவான். வாசலில் பஞ்சராகி நிற்கிறவர்கள் எத்தனை நேரம்தான் நிற்பார்கள்? ஒருநாள் அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து இறங்கி வந்து லிவரை எடுத்தார். அன்றிலிருந்து டயரை நெம்பிக் கழற்றுவது, பேலன்ஸ் பார்ப்பது, வீல் அலைன்மென்ட் எல்லாம் அவர்தான்.

நான் அவருக்கு நாத்தனார். கடையில் பில் போடுகிறேன். நாத்தனார் என்றால் அண்ணியைக் கரித்துக்கொட்டியே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. எனக்கு வயிறு எரிவதெல்லாம் என் கூடப்பிறந்தவனை நினைத்துத்தான்.

அண்ணனிடம் முன்பு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட், சீட்டுக்குப் பின்னால் எஞ்சின். செகண்ட் ஹேண்ட்தான். அந்த மாடலில் முதன்முதலில் வந்த வரிசை. ஒரு மழை நாளில் மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவில் அந்தக் கார் பின்பக்கமாகச் சுற்றிச் சுவரில் மோதியது. அவனுடைய இடது முட்டி நொறுங்கிவிட்டது. இன்று வரை மடங்காது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் படுத்தபடியே சொன்னான்: "பின் டயர் வெடிச்சிடுச்சு. இல்லன்னா நான் விட்டிருப்பேனா?"

அந்த டயரை மாட்டியது யார்? கட்டிலுக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்த அண்ணி. வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒருத்தர் 'த்சு' கொட்டினார். அண்ணி ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். ஏற்கெனவே அது மூடித்தான் இருந்தது.

டயர் வெடிக்கவே இல்லை. நொறுங்கிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன்னால் அண்ணி தானே போய்ப் பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கல்லு மாதிரி இருந்தது. காற்றுகூட இறங்கவில்லை. எனக்கு மட்டும் காட்டினார். நான் குதித்தேன்.

"ஊரைக் கூட்டிச் சொல்லுங்க அண்ணி! இவன் என்ன, எல்லார் காதுலயும் பூ சுத்துறானா?"

"அவருக்கு ஒரு கால் போச்சு. மானமும் போகணுமா?"

"அப்ப உங்க மானம்?"

அண்ணி சக்கரத்தைக் கடை மாடியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவருடைய மானம் என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். தெருமுக்கில் டாக்ஸி ஸ்டாண்ட் இருக்கிறது. எங்கள் கடைக்குச் சோறு போட்டதே அந்த டாக்ஸிகள்தான். ஒவ்வொன்றாக நின்றுபோயின. "சொந்தப் புருஷன் வண்டிக்கே ஒழுங்கா டயர் மாட்டத் தெரியல, நம்ம வண்டிக்கு எங்க மாட்டப்போகுது" என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். அண்ணி ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டியும் வேன்களுக்குக் காற்று அடித்தும் கடையை இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் அண்ணனிடம் கேட்பார்: "ஏங்க, டயர் வெடிக்கலையே. ஏன் அப்படியே சொல்லிட்டுத் திரியறீங்க?" ஒரே பதில்தான் வரும். "நீ இருந்தியா அங்க?"

அவர்களுக்கு ஒரே மகள். வாடகைக் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பனுடைய பைத்தியம் அப்படியே வந்திருக்கிறது. அப்பன் ஓட்டிய அந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்கிற கம்பெனி, அதற்கப்புறம் அதையே இரண்டு தடவை புது மாடலாக மாற்றி விட்டிருந்தது. அதில் கடைசி வரிசை ஒன்றை, ஒருத்தர் ஓட்டி விற்றதை, தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள். நாங்கள் எல்லோரும் உச்சி குளிர்ந்துபோனோம். அண்ணன் மட்டும் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இது காரா? சோபாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றான்.

அன்று தொடங்கியது புராணம். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவான். "பழசுல ஸ்டியரிங்கப் புடிச்சா ரோட்டுல கிடக்கிற கல்லு என்ன கலருன்னு சொல்லிடலாம். இதுல மேல ஏறினாலும் தெரியாது. எஞ்சின் சத்தமே ஸ்பீக்கர்லேருந்து வருதாம், வெக்கக்கேடு! கண்ணாடி ஓரத்துல தூண் மாதிரி கம்பி வச்சிருக்கான், அதுக்குப் பின்னால ரயில் வந்தாக்கூடத் தெரியாது. பெல்ட் போடலன்னா கத்துது, கதவு சாத்தலன்னா கத்துது. மாமியார் வீடா அது?" சொல்வதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம்.

அண்ணி இரண்டுக்குமே அலைன்மென்ட் பார்த்தவர். மகள் ஒரு தடவை எது நல்லது என்று கேட்டபோது அவர் சொன்னார்: "பழசு லேசான வண்டி. அழகான வண்டி. ஆனா ஓட்டுறவன் தப்பே பண்ண மாட்டான்னு நம்பிச் செஞ்சது. புதுசு, பண்ணுவான்னு தெரிஞ்சு செஞ்சது." அவள் காதில் வாங்கினால்தானே? அப்பாவின் கதைகள்தான் அவளுக்கு இனித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்து ஓய்ந்த காலை. பழைய கார் விற்கிற புரோக்கர் ஒருத்தர் இருக்கிறார். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார், அதனால் எங்களுக்கு அவர் கூலிங்கிளாஸ். முதல் வரிசைக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். அண்ணனுடைய காரின் அதே நிறம். அந்தப் பழசுக்கு இப்போது கிராக்கி ஏறிவிட்டதாம். மகளுடைய புதுசைக் கொடுத்தால் சரிக்குச் சரி மாற்றிக்கொள்ளலாமாம். ஏற்பாடு செய்தது யார் என்று கேட்க வேண்டுமா? பிளாஸ்டிக் நாற்காலியில் மடங்காத காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தானே, அவன்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். புதுசு பழசை விழுங்கிவிட்டு வந்ததுபோல இருந்தது. உடனே ஒரு கூட்டம். ஆளாளுக்கு நிபுணர்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத பக்கத்துச் சலூன்காரர், "பழசு பழசுதான்பா" என்று தலையை ஆட்டினார். கூலிங்கிளாஸ் கதவைத் திறந்து 'டப்' என்று சாத்திக் காட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இதுக்குன்னு ஒரு உயிர் இருக்கு. அது வெறும் கம்ப்யூட்டர்" என்றான். முட்டியை உடைத்த உயிரைப் பற்றி இத்தனை உருகல்!

அண்ணி ஒரு வேனுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். மகள் பழசின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லாம் சூப்பர். டயரை மட்டும் மாத்திட்டா போதும். அம்மா, இந்தத் தடவையாவது பாத்து மாட்டும்மா."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்தப் பொய்யைக் கேட்டே வளர்ந்தவள், தெரிந்ததைச் சொன்னாள். அண்ணி கையிலிருந்த காற்றுக் குழாய் கீழே விழுந்து 'உஸ்ஸ்' என்று தரையில் துள்ளியது. நான் ஓடிப்போய் வால்வை மூடினேன். அண்ணி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தொம் தொம் என்று படிப்படியாக அந்தச் சக்கரம் இறங்கி வந்தது, பின்னால் அவரும்.

"இதான் உங்கப்பாவோட வெடிச்ச டயர்."

காற்று அடித்தார். பஞ்சர் பார்க்கிற தொட்டியில் சக்கரத்தைப் போட்டு இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"வாங்க. எல்லாரும் வந்து பாருங்க. எங்கயாவது குமிழி வருதா?"

எல்லோரும் குனிந்தார்கள். கூலிங்கிளாஸ்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"அது வேற டயர்" என்றான் அண்ணன், இடத்தை விட்டு அசையாமல்.

"அப்படியா? உங்க ரிம்மு, சுவத்துல இடிச்ச சொட்டை, எல்லாம் வேறயா?"

மகள் நிமிர்ந்தாள். "டயர் வெடிக்கலன்னா அப்புறம் என்னதாம்ப்பா ஆச்சு?"

"அது... ஒரு நாய் குறுக்க வந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் பில் புத்தகம் எங்கே போய் விழுந்தது என்றே தெரியாது. "நாயா? இத்தனை வருஷமா அந்த நாயை எங்க கட்டிப் போட்டிருந்த? வாயைத் திறந்தா ஒரு பொய். அண்ணி பேரைக் கெடுத்தது போதாதுன்னு இப்ப வாயில்லாத ஜீவன் மேல பழியா?"

"நீ சும்மா இரு!"

"இத்தனை நாளா சும்மா இருந்ததுதான் தப்பாப் போச்சு!"

மகளுக்கு அலுத்துவிட்டது. "உங்க சண்டையை நீங்களே போட்டுக்கங்க. நான் மேம்பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து முடிவு பண்றேன்." ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். என்ன சத்தம் தெரியுமா அது! எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதற்காகவும் என் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

தெரு இன்னும் ஈரமாக இருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். மகளைத் தடுப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் மகள் பக்கமே திரும்பவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. இல்லையா, போகட்டும் விடுங்க. திரும்பி வந்தாள்னா அப்புறம் பேசிக்கலாம்."

கார் நகர்ந்தது. அண்ணன் எழுந்தான். கைத்தடி எங்கேயோ விழுந்தது. நொண்டி நொண்டி ஓடிப்போய் முன்பக்கம் இரண்டு கையையும் ஊன்றி, வண்டி மேல் கவிழ்ந்துவிட்டான். அவள் பிரேக்கை மிதித்தாள்.

"பயந்துட்டேன்டி!" என்று கத்தினான். "அந்த வளைவுல வேகம் அதிகமாப் போச்சுன்னு பயந்துட்டேன். ஆக்சிலேட்டர்லேருந்து சட்டுனு கால எடுத்தேன். பின்னால அப்படியே சுத்திடுச்சு. டயரும் இல்ல, நாயும் இல்ல. நான்தான்."

மகள் கண்ணாடியை இறக்கினாள். "கால எடுத்தா வேகம் குறையத்தானே செய்யும்?"

"மத்த வண்டியில குறையும். இதுல, ஈரத்துல, வளைவுல எடுத்தா பின்னால தூக்கி வீசிடும். உங்கம்மா அன்னைக்குக் காலைல அதைச் சொல்லித்தான் அனுப்பினா. எனக்கு வண்டி ஓட்ட நீ சொல்லித் தரியான்னு கேட்டுட்டுப் போனேன்."

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"நானும் கால எடுப்பேம்ப்பா" என்றாள் மெதுவாக. "ஆபீஸ் போறப்ப அதே வளைவுலதான் இறங்குறேன். மழைன்னா பயத்துல கால எடுத்துடுவேன். ஒவ்வொரு தடவையும் எடுத்துடுவேன்."

"உன் வண்டி ஒண்ணும் பண்ணலையா?"

"ஒரு மஞ்ச லைட்டு மட்டும் கண்ணடிச்சிட்டு அணைஞ்சிடும். வண்டியே பிரேக்கப் புடிச்சுக்குது. இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இருக்கேன்னு நான் அதைக் கிண்டல் பண்ணுவேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் குனிந்தார். "அந்த லைட்டு எத்தனை தடவை எரிஞ்சுதோ, அத்தனை தடவை நீ உங்கப்பா இருந்த இடத்துல இருந்திருக்க."

மகள் எஞ்சினை அணைத்தாள். இறங்கி வந்து சாவியைக் கூலிங்கிளாஸ் கையில் வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் போய் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா" என்றாள்.

அண்ணன் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு அண்ணியிடம் வந்தான். "தப்புதான். மன்னிச்சிடு."

"என்கிட்ட எதுக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும். டாக்ஸி ஸ்டாண்டுல போய்ச் சொல்லுங்க."

"நாளைக்குப் போய்..."

"இப்ப."

போனான். வழியில் அந்த நாய் மறுபடியும் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன். ஸ்டாண்டில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் நிறுத்திவைத்து, அவர்கள் முன்னால் அவனைச் சொல்லவைத்தேன். முணுமுணுத்தான், சத்தமாகச் சொல்லச் சொன்னேன். ஒருத்தர் கேட்டார், "அப்ப டயர்க்கா மேல தப்பே இல்லையா?" "இல்ல" என்றான். அந்த மனிதர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் காது சிவந்தது. பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு இல்லை.

திரும்பி வந்தால், அண்ணி பழைய காரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு கூலிங்கிளாஸை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "இந்த டயரு எப்பச் செஞ்சதுன்னு இதுலயே போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா? பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. இதை மாட்டிக்கிட்டு என் பொண்ணை ஓட்டச் சொன்னீங்களா?" நாலையும் மாற்றித்தான் அனுப்பினார். மகள் ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு டாக்ஸி வந்து நின்றது. சீட்டைக் கீழே வைத்த அதே ஆள். இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு, "டயர்க்கா, முன் ரெண்டு டயரையும் மாத்தணும்" என்றார்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வரிசையில நில்லுங்க" என்றார்.

டாக்ஸிக்காரர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். வேறு ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் நின்றார்.