வேட்டியின் உள்பக்கம்

இன்று காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும், ஜரிகை வேட்டியின் உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு பட்டுக்கடையில் மேற்பார்வை பார்த்திருக்கிறேன்.

கடைசியில் சொன்னது, புடவை எடுக்க வந்த ஒரு அம்மா.

கடையில் என் கீழே பதினோரு பேர். எல்லாரும் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்கள். பத்தடி தூரத்திலிருந்தே ஜரிகைக்கு எது உள்பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். என்னிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“ஏம்மா தேவகி, நீயாவது சொல்லக்கூடாதா? எதுவா இருந்தாலும் தைரியமா சொல்லுங்கன்னு தினமும் சொல்லிக்கினுதானே இருக்கேன்?”

புடவை மடித்துக்கொண்டிருந்த தேவகி நிமிரவே இல்லை.

“போன வாரம் முகூர்த்தப் புடவைய வேற பெட்டியில வச்சிட்டீங்கன்னு சொன்னேன். ‘எனக்குத் தெரியாதா’ன்னு கத்துனீங்க. அதான் சார், இதுவும் தெரிஞ்சுதான் கட்டிக்கினு வந்திருப்பீங்கன்னு விட்டுட்டோம்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

“இனிமே சொல்லுங்கப்பா, கத்த மாட்டேன்.”

“அதையும் பாக்கலாம் சார்.”

உங்கள் ஆபீசில் எப்படி? வேட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு கமெண்டில் எழுதுங்கள்.

தேவகியிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. காலையில் வாசலில் என் மகள், “அப்பா, வேட்டி…” என்று ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும், போம்மா” என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன்.