சீலுக்கு முன்னால் ஒரு கேள்வி

1

ஸ்டாம்ப் பேட் மையின் வாசனை இப்போதும் என்னை ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு இழுத்துப் போகிறது. லாரிப் புகை, பரோட்டாக் கல், நடுவில் அந்த ஊதா ஈரம். ஆள் சப்ளை செய்யும் கம்பெனியில் டாகுமென்ட் பார்ப்பது என் வேலை. அஃபிடவிட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு நோட்டரி வக்கீலிடம் போவேன். அவர் தலை நிமிரமாட்டார். சீல், கையெழுத்து, சீல், கையெழுத்து. "என் முன்னிலையில் ஆஜராகி" என்று ஒவ்வொரு தாளிலும் இருக்கும். ஊருக்கே சேர்த்து ஆஜரானவன் நான்தான்.

ஒரு நாள் மேனேஜர், "இனிமே ஆன்லைன் நோட்டரி. வக்கீல் வீடியோல வருவாரு, ஆளு மூஞ்சிய காட்டணும்" என்றார். நேரில் போனால் முகம் வேண்டாம்; நேரில் போகாவிட்டால் முகம் கட்டாயம். வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, இந்த ஞானத்தை எந்த இண்டக்‌ஷனிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

2

தேவகி வடக்குப்பட்டுப் பெண், கார் ஃபேக்டரி ஒயரிங் லைனில் வேலை. ஜப்பானில் ஒரு வருட டிரெய்னிங்குக்குத் தேர்வாகியிருந்தாள். ஓட்டுப் போடலாம், ரோபோவை நிறுத்தலாம். விமானம் ஏற மட்டும் அப்பாவின் சம்மதம் நோட்டரி சீலோடு வேண்டுமாம். பையன்களுக்கு இந்த விதி இல்லை. ஏனென்று கேட்டதற்கு "சேஃப்டி" என்றார்கள். ஹெல்மெட் மாதிரி ஓர் அப்பா. மறுநாள் மாலைக்குள் பேப்பர் வராவிட்டால் வாய்ப்பு வேறொருத்திக்கு.

அப்பா ஏகாம்பரம் இன்னொரு ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று, போகிறவர்களின் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். தேவகியை என் மேஜைக்கு அருகே உட்காரவைத்து அவருக்கு லிங்க் அனுப்பினேன். குரல் வந்தது, முகம் வரவில்லை. திரை முழுக்க இருட்டு.

"வெளிச்சத்துக்கு வாப்பா" என்றாள் தேவகி.

"வெயில்லதான் நின்னுகினு கீறேன்."

தன் போனுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார் மனுஷர்.

"ஏம்ப்பா உனுக்கும்?"

"எனுக்கு மட்டும் ரூல் இல்லியா?"

பிய்த்ததும் முகம் வந்தது. உயிரோடுதான் இருக்கிறார் என்று நம்ப, கண்ணைச் சிமிட்டச் சொன்னது ஆப். இடது பக்கம் திரும்பச் சொன்னது. எல்லாம் செய்தார். பிறகு திரையில் வந்த வக்கீலம்மா, "உங்க பொண்ணு ஜப்பான் போறதுக்கு முழு மனசோட சம்மதிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் ஏகாம்பரம்.

வக்கீலம்மா வருத்தம் தெரிவித்துவிட்டு மறைந்தார்.

"கூட்டு ரோட்டு வக்கீலாண்ட போலாம் சார்" என்றாள் தேவகி. "அவரு இன்னா நிமிந்தா பாக்கப்போறாரு? அப்பா கையெழுத்து எனக்கே வரும்."

வாசல்வரை போனவள் நின்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா இல்லன்ன?"

"முடிவெல்லாம் நீங்களே எடுத்துட்டு, கடைசில என்னிய கண்ண சிமிட்டுன்றீங்க. நீ ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

தேவகி வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"போவட்டுமாப்பா?"

"காலைல கூட்டு ரோட்டுக்கு வரேன்."

3

காலையில் டியூட்டிக்குப் போகும் வழியில் ஏகாம்பரம் யூனிஃபார்மோடு வந்தார். நோட்டரி வழக்கம்போலக் குனிந்தபடி சீலைத் தூக்கினார். ஏகாம்பரம் தாளின்மேல் கையை வைத்தார்.

"மூஞ்சிய பாத்து கேளுங்க சார்."

"இன்னா கேக்கணும்?"

"சம்மதமான்னு."

நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார். தன் மேஜைக்கு எதிரே மனிதர்களும் நிற்பார்கள் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

"சம்மதமா?"

"சம்மதம்" என்றார் ஏகாம்பரம், மகளைப் பார்த்து. சீல் கோணலாக விழுந்தது. பேப்பரைப் பார்த்த ஜப்பான்காரன் அந்தக் கோணலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆன்லைனா நேரிலா என்று புதியவர்கள் என்னைக் கேட்கிறார்கள். எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதற்குப் போங்கள். கேள்வியை மட்டும் வீட்டிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏர்போர்ட் வேன் எங்கள் ஆபீஸ் வாசலிலிருந்துதான் கிளம்பியது. ஜன்னலோரம் தேவகி, கீழே ஏகாம்பரம்.

"தெனம் வீடியோ கால் போடறேன்ப்பா. ஸ்டிக்கர எடுத்துட்டுப் பேசு."

"எடுக்கறேன். நீ கண்ண சிமிட்டச் சொல்லாத."