காலி வீதியில் கையை விட்ட கார்

கல்கிசையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். மச்சானின் புதுக் கார் கொழும்பின் காலி வீதியில் தானாகவே ஓடுகிறது! என் விரல்கள் ஸ்டியரிங்கைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கின்றன. முன்னால் பஸ் நின்றால் இதுவும் நிற்கிறது, அது நகர்ந்தால் நகர்கிறது.

பக்கத்தில் சாந்தி அக்கா. வெள்ளவத்தையில் கார் ஓடப் பழக்குகிறவர், மச்சான் எனக்குத் துணையாக அனுப்பியிருக்கிறார். அக்கா பழக்குகிற காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இதில் இல்லாததால் முகம் சரியில்லை.

"இதுக்கு ஒண்டும் விளங்காட்டி என்ன செய்யும்?"

"சத்தம் போட்டு என்னட்டத் தந்திடும், அக்கா."

"பயந்து கையை விடுற பிள்ளையள நான் டெஸ்டுக்கே அனுப்புறேல்ல, தம்பி."

வெள்ளவத்தைச் சந்தையடியில் மழைத்தண்ணீர் வீதிக் கோடுகளை மூடிக் கிடக்கிறது. கார் பீப் பீப் என்று அலறுகிறது. திரையில், ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி இரண்டு சிவப்புக் கைகள். அதே நேரம் ஓரமாக நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒருவர் இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வருகிறார்.

"பிடியும்!" அக்கா கத்துகிறார்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து பிரேக்கை மிதிக்கிறேன். வண்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நிற்கிறது. இளநீர்க்காரர் ஏசிக்கொண்டே கடந்து போகிறார்.

எனக்குச் சிரிப்பு வருகிறது. "பாத்தீங்களா அக்கா? அது தந்தது, நான் பிடிச்சிட்டன்!"

"கார் பெயில். நீர் பாஸ்." சொல்லிவிட்டு சீட் பெல்ட்டைக் கழற்றுகிறார். "ஓரமா நிப்பாட்டும். கொட்டாஞ்சேனை வரைக்கும் நான் ஓடுறன். இவ்வளவு காலமும் ஸ்டியரிங்கை மற்றவையின்ர கையிலயிருந்து பறிச்சுத்தான் பழக்கம். இந்தக் கார் எனக்கும் ஒருக்காத் தரட்டும், பாப்பம்."