ஒரு வேலைக்கு இருவர்

மண்டி மொஹல்லா தமிழ்ப் பள்ளியில் ஒரே ஒரு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. அதற்காக மைசூர் கல்வி அலுவலக வராந்தாவில் நானும் இன்னொருவரும் தினமும் காத்திருந்தோம். அவருக்கு நரைத்த மீசை, சாயம் போன கறுப்புக் கோட்டு. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"மைசூர் சட்டசபையிலே பட்ஜெட் இழுபறியா கிடக்கு ஸ்வாமி. அது பாஸாகிற வரைக்கும் யாரையும் எடுக்க மாட்டாங்க. நீங்க கொள்ளேகாலம் போங்க. அது மதராஸ் சர்க்காரைச் சேர்ந்த ஊர், அங்கே வாத்தியார் தேடறாங்க."

போட்டிக்கு இருப்பவன் நான் ஒருவன்தான். என்னை விரட்டப் பார்க்கிறாரோ?

"அப்போ நீங்க ஏன் போகலை?" என்றேன்.

"ரெண்டு பேரும் போயிட்டா, ஆளே வரலைன்னு அந்த வேலையையே ரத்து பண்ணிடுவாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கதி என்ன ஆகிறது?"

நான் நம்பவில்லை. ஆனாலும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று கொள்ளேகாலம் போனேன். அந்த வாரமே வேலை கிடைத்தது.

பட்ஜெட் நிறைவேறிய பிறகு ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போனேன். யாரோ ஓர் இளைஞர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, கோட்டுக்காரரைப் பற்றித் தலைமையாசிரியரிடம் விசாரித்தேன்.

"மனு போட்டது நீங்களும் இந்தப் பையனும்தான். மூணாவது ஆளே கிடையாதே!" என்றார்.

மனுவே போடாத கோட்டுக்காரர் அங்கே காத்திருந்தது, என்னை அனுப்பிவிட்டு அந்தப் பையனுக்கு வழிவிடவா, பிள்ளைகளுக்காக அந்த வேலையைக் காப்பாற்றவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.