தண்ணியில மருந்து இருக்கு

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயம். ஹைதராபாத்தில் நாச்சாரம் பக்கம், என் சித்தி குடியிருக்கும் தெருவை ஒட்டிய ஏரியில் ஒரு காலை மீன்கள் செத்து மிதந்தன. அவற்றைத் தின்ன வந்த கொக்குகளில் சிலவும் கரையில் விழுந்து கிடந்தன.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஏரியிலோ குளத்திலோ மருந்து, ரசாயனம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அப்பா போலாரத்தில் ஒரு பங்களாவில் தோட்டக்காரர். அம்மா அங்கேயே சமையல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டு போட்டு நான் எடுத்துக்கொண்ட முதல் படம் இன்றும் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது.

அந்த ஏரிக்கு மாதிரி எடுக்க என்னையும் அனுப்பினார்கள். வண்டியில் ஏறும்போதே மேலதிகாரி கேட்டார், "காலைல மாத்திரை ஏதாவது போட்டியாம்மா? தலைவலித் தைலம் தடவினியா?" எங்கள் கருவிக்கு அவ்வளவு கூர்மை. விரலில் ஒட்டியிருக்கும் தைலம்கூட ஏரியில் இருந்ததாகக் கணக்கில் வந்துவிடும். பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் ஏரித் தண்ணீர் எடுத்தோம். செத்த மீன் சிலவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தோம். கரையை ஒட்டிய நிலத்தடி நீரும் வேண்டியிருந்ததால், சித்தி தெருவில் எல்லோருக்கும் பொதுவான போர் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்தேன். தெருவே கூடி நின்று பார்த்தது. மீன் செத்ததிலிருந்து அந்தத் தெருவில் யாரும் போர் தண்ணீரைக் குடிக்கவில்லை. கேன் தண்ணீர்தான் வாங்கினார்கள்.

முடிவு வந்தது. ஏரியிலும் மீனின் ஈரலிலும் ஆன்டிபயாடிக் மருந்து கண்டிருந்தது. போர் தண்ணீரிலும் அதே மருந்து, ஆனால் மிகக் கொஞ்சம். எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் கருவி சொல்லாது. அதைத் தேடுவது வேறு ஆட்களின் வேலை.

மறுநாள் சித்தி போன் செய்தார். "என்னடி கண்ணு, நம்ம போர் என்னாச்சு?"

"அதுலயும் மருந்து இருக்கு சித்தி. மிஷின்ல நல்லாத் தெரியுது."

"நெஜமாவா? சரி, சரி, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

தெருவே ஏற்கெனவே குடிப்பதை நிறுத்தியிருந்ததால், குடிக்காதீர்கள் என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. என் பேச்சைத் தெருவே கேட்கப்போகிறது என்று கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியின் மருமகளுக்கு, அதாவது என் அண்ணிக்கு, வளைகாப்பு. அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது போர் குழாய். சுற்றிலும் குடங்கள். துணி துவைக்கப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் பந்தல் ஓரம் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அதிலிருந்து டம்ளரில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி கையிலும் ஒரு டம்ளர்.

"இது எந்தத் தண்ணி சித்தி?"

"போர் தண்ணிதான். நீதானே சொன்னே, மருந்து இருக்குன்னு! கேன்காரனை அன்னிக்கே நக்கோ, வேணாம்னுட்டோம்." என் தோளைப் பிடித்துப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் திருப்பி, "இவதான். மிஷின்ல பார்த்துச் சொன்ன பொண்ணு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தெருவில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும் நாளில், "மருந்து போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள். மருந்து இருக்கும் தண்ணீர் என்றால் குடிக்கலாம் என்று அர்த்தம். நான் எச்சரிக்கை என்று நினைத்துச் சொன்னது, அவர்கள் காதில் சான்றிதழாக விழுந்திருக்கிறது.

"குடிக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். பாட்டு நின்றது. "இதுல இருக்கிற மருந்து வேற. இருக்கவே கூடாத மருந்து."

"மருந்துன்னா நல்லதுதானே?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

தெலுங்கில் சொன்னேன், 'மந்து' என்று. தெலுங்கில் அதற்குச் சாராயம் என்றும் பொருள் உண்டு. "ஹவ்வா, அப்படியா? முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நானும் ரெண்டு குடம் பிடிச்சிருப்பேனே!" என்றார் பந்தல் போட்டவர். எல்லோரும் சிரித்தார்கள். இந்தியில் சொன்னாலும் 'தவா', அதுவும் நோய்க்குக் கொடுக்கிற மருந்துதான். மூன்று மொழி தெரிந்தும் என்னிடம் ஒரு சொல் இல்லை. விஷம் என்று சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். ஆனால் அது பொய். அளவு அத்தனை சிறியது.

அண்ணி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு இருமல் வந்தப்போ ஒரு மாத்திரை கேட்டதுக்கே டாக்டரம்மா திட்டினாங்க. இது எந்த டாக்டர் எழுதின மருந்து?"

"யாரும் எழுதலை அண்ணி. யாருக்குன்னும் தெரியாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. குழாயடியில் நின்ற ஒரு பெண் தன் குடத்தைச் சாய்த்துக் கொட்டினாள். பிறகு அடுத்தவள்.

"நான் ஒரு வாரமா இதைத்தான் குடிக்கிறேன்" என்றாள் அண்ணி. வளையல் நிறைந்த கை வயிற்றின் மேல் இருந்தது. "புள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. "இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது அண்ணி. நாளைக்கு உங்க டாக்டர்கிட்ட நானே கூட வந்து சொல்றேன்" என்றேன். படித்த பிறகு தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சித்தியின் முகம் சின்னதாகிவிட்டது. "நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னாள், "அப்போ இப்பவும் வீடு வீடாப் போய்ச் சொல்லு. எதுக்கு அழுறே? நானும் வரேன்." அக்கா தங்கை இருவரும் பட்டுப்புடவையோடு தெருவில் இறங்கினார்கள். அண்ணன் ஸ்கூட்டரில் கேன் வாங்கி வரும்வரை வளைகாப்புச் சாப்பாட்டுக்கு மோர் மட்டும்தான்.

மறுநாள் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பயப்படும்படி எதுவும் தெரியவில்லை, அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள் என்றார். அண்ணிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆனாலும் பிறந்தவளை முதன்முதலாகக் கையில் வாங்கும்வரை, என் மனசுக்குள் அந்த டம்ளர் இருந்துகொண்டேதான் இருந்தது.

இப்போதெல்லாம் பரிசோதனை முடிவை யாருக்குச் சொன்னாலும், "இதைப் பக்கத்து வீட்ல எப்படிச் சொல்வீங்க, ஒரு தடவை எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்காமல் நான் போனை வைப்பதில்லை. அவர்கள் வாயிலிருந்து அது சரியாக வரும்போதுதான் என் வேலை முடிந்ததாக எனக்குத் தோன்றுகிறது.