ஏழு துண்டுகள்

அன்று போனவர்கள் ஒன்பது பேர். நான், என் அண்ணி, ஏழு பிள்ளைகள். பிள்ளைகளில் மூன்று பேர் அண்ணனுடையவர்கள். மற்ற நான்கு பேர் வையம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் பிள்ளைகள். அரைப் பரீட்சை லீவுக்கு முசிறிக்கு வந்திருந்தார்கள். வராதவர் அண்ணன். அன்றைக்குத்தான் வாழைத்தார் ஏற்றிப் போக வியாபாரியின் லாரி வருவதாக இருந்தது.

"நான் எதுக்கு? படிச்சவன் கூடப் போறீங்க, அப்புறம் என்ன?" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கூடப்பிறந்தவர்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அண்ணன் ஏர் பிடித்ததால் நான் படித்தேன். திருச்சியில் காலேஜ், ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் ஓர் அறை. லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் என்னைப் புதிதாய் வாங்கி வந்த சாமான் போலப் பார்ப்பார். அதற்குத் தகுதியானவனாக இருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

கொல்லிமலை அடிவாரத்தில் ஓடைக்கரையில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் மரத்தடியில் நாலு கல், ஒரு சூலம். முந்தைய வருஷக் காற்றில் எல்லார் வாழையும் சாய்ந்தபோது எங்கள் வாழை மட்டும் நின்றது. அதற்காக அங்கே பொங்கல் வைப்பதாக அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார். முசிறியிலிருந்து முதல் பஸ்ஸில் துறையூர். அங்கிருந்து இன்னொரு பஸ். அது இறக்கிவிட்ட இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. போய்ச் சேர்ந்து அண்ணி மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுவதற்குள் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஓடையோடு மேலே ஏறினால் அருவி இருக்கிறது என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"எம்மாந் தூரம் மாமா?" என்றாள் அக்காவின் மூத்தவள். பத்து வயது, வாய் இருபது வயது.

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"போயிருக்கீங்களா?"

"இல்ல. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப எங்களுக்குத் தெரிஞ்ச அளவுதான் உங்களுக்கும் தெரியும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கிளம்பும்முன் வரிசையாக நிற்க வைத்து, விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். அண்ணி அடுப்பிலிருந்து எழுந்து வந்து என் கையைக் கீழே தாழ்த்தினார்.

"தம்பி, புள்ளைங்கள எண்ணாதீங்க."

"ஏன் அண்ணி?"

"எண்ணக் கூடாது. ஆடு மாடா என்ன? ஒவ்வொண்ணா மூஞ்சியப் பாத்துக்கிட்டாப் போதும்."

"எண்ணாம ஒரு வேலையும் நடக்காது அண்ணி. காலேஜ்ல எங்களையே தெனம் எண்றாங்க."

"அங்க எண்ணிக்கிடட்டும். இங்க வேணாம்."

எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் யாரும் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டால்கூட 'ஆண்டவன் குடுத்தது இருக்கு' என்பார்கள். அன்று அது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு, ஓடையின் முதல் திருப்பம் தாண்டியதும் எண்ணிக்கொண்டேன். ஏழு.

பாதை என்று தனியாக இல்லை. ஓடைப் பாறைகள் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். தோளில் துண்டுகள் இருந்த பை. ஆளுக்கு ஒன்றாக ஏழு துண்டுகளை அண்ணி மடித்துக் கொடுத்திருந்தார். அண்ணனின் சின்னவளுக்கு ஐந்து வயது. ஏற முடியாத இடங்களில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் நிறுத்தாமல் பேசுகிறவள். "இந்தக் கல்லு எப்பச் சித்தப்பா இங்க வந்துச்சு? தண்ணி எங்கேருந்து வருது? அதுக்கு முன்னாடி எங்கேருந்து?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தெரியாததற்கும் சொன்னேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

வழியில் ஓர் இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலைக்காரச் சிறுமி ஒருத்தி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறேழு வயது இருக்கும். அக்காவின் மூத்தவள் அவளுக்கு ஒரு முறுக்கு கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு நான் கவனிக்கவில்லை.

அருவி பெரிதில்லை. இரண்டு பனை உயரம் இருக்கலாம். ஆனால் மழைக்காலம் முடிந்த சமயம், தண்ணீர் நிறைய. அந்த இடமே இருட்டிக்கொண்டு கிடந்தது. மூன்று பக்கமும் பாறை. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் வாய் அசைவதுதான் தெரிந்தது.

சின்னவள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிப்போய், சாரல் படாத ஒரு மேட்டுப் பாறையில் உட்கார வைத்தேன். காதோடு வாய் வைத்துச் சொன்னேன்: "இங்கேயே உக்காந்திரு. சித்தப்பா வந்து தூக்குற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. வழுக்கும். சரியா?" தலையாட்டினாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

மற்ற ஆறு பேரையும் தண்ணீரில் விட்டேன். ஆழம் பார்த்து, ஒரு கோடு காட்டி, அதற்குள்தான் என்றேன். என் கண் முழுக்க அந்த ஆறு பேர் மேல்தான். ஒருவன் முங்கினால் எழும்வரை என் மூச்சும் நின்றது. அரை மணி நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது அவர்களுக்கு. கரையேற்றினேன். காற்று வெட்டியது. பையைத் திறந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, வருகிற தலையைத் துவட்டி, காதை மூடிக் கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, "நட, நட" என்று பாதைப் பக்கம் தள்ளினேன். கடைசித் துண்டையும் கட்டி முடித்ததும் பை காலியானது. வரிசையாக நின்ற தலைகளைப் பின்னாலிருந்து எண்ணினேன். ஏழு. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இறங்கினோம்.

கோயிலடிக்கு வந்து சேர்ந்தபோது பொங்கல் பொங்கி இறக்கியாகியிருந்தது. பிள்ளைகள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். "ஈரத் துண்டோட உக்காந்தா சளி புடிக்கும்" என்று அண்ணி ஒவ்வொரு தலையாக அவிழ்த்துக்கொண்டு வந்தார். முகத்தைத் துடைத்து, கன்னத்தைக் கிள்ளி, அடுத்தது. கடைசி முடிச்சை அவிழ்த்தவர் அப்படியே நின்றார்.

"இது யாரு புள்ள?"

அந்த மலைக்காரச் சிறுமி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி. இது யாரு புள்ள?" அண்ணியின் குரல் உயரவில்லை. "என் புள்ள எங்க?"

என் வாயிலிருந்து வந்த பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "எண்ணினேனே அண்ணி" என்றேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைப் பக்கம் ஓடினார். நான் அவரைத் தடுத்து, மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். பத்தடி போவதற்குள் அந்தச் சிறுமி என்னைத் தாண்டி முன்னால் ஓடினாள். ஓடையை விட்டு விலகி, புதருக்குள் ஒரு குறுக்குத்தடத்தில் ஏறினாள். திரும்பிப் பார்ப்பாள், நிற்பாள், நான் வந்ததும் மறுபடி ஏறுவாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. என்ன கோபம்? குளிரில் நடுங்கி வரிசையில் நின்றாள். துண்டு கட்டினார்கள், நின்றாள். சோறு உண்டு என்று நினைத்து வந்தாள்.

அருவிச் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் அந்தப் பாறை.

சின்னவள் உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார வைத்த அதே இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு விரற்கடைகூட நகராமல். என்னைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. கூப்பிடுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். பாறையில் ஏறி அவள் பக்கத்தில் முட்டி போட்டபோதுதான் கீழே பார்த்தேன். நான் துண்டு கட்டிய இடம் அங்கிருந்து முழுக்கத் தெரிந்தது. நான் அடுத்த பிள்ளைக்கு முடிச்சுப் போட்டதை, தலைகளை எண்ணியதை, சரியாய் இருக்கிறது என்று தலையாட்டியதை, முதுகைக் காட்டி இறங்கியதை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். எந்திரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவள் எந்திரிக்கவில்லை. கூப்பிட்டிருக்கிறாள்.

தூக்கிக்கொண்டு இறங்கினேன். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு திருப்பத்தில் அருவி கேட்காமலே போனது. குருவி சத்தம்கூடக் கேட்டது. என் தோளில் அவள் வாய் இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. குரல் இல்லை.

அண்ணி அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பேசுடி, அம்மாகிட்டப் பேசு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸிலும் கேட்டார். அக்காவின் மூத்தவளிடம் நான் மெல்லக் கேட்டேன், உனக்குமா தெரியவில்லை என்று.

"நீங்க எண்ணினீங்களே மாமா" என்றாள். அன்று அவள் வாயில் குறும்பே இல்லை.

அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது விஷயம் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது. கடைசியில் என் பக்கம் வந்து நின்று, "நீ எண்ணத்தானே செஞ்ச? தப்பா எண்ணலயே" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தை மாதம் அண்ணியும் அவளும் என் அறைக்கு வந்து பத்து நாள் தங்கினார்கள். தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டைல கோளாறு இல்ல. பயந்திருக்கு. தானா வரும், அவசரப்படுத்தாதீங்க" என்றார். எப்போது என்று கேட்டேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். வீட்டுக்கார மாமி தினமும் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார். "பயப்படாதேங்கோ, ரங்கநாதன் கைவிட மாட்டான். குழந்தை வாயால அவன் பேரைச் சொல்லப்போறது, பாருங்கோ." பள்ளிவாசலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். சமயபுரத்தில் முடி இறக்கினோம். எல்லாவற்றுக்கும் அவள் அமைதியாகத் தலையைக் கொடுத்தாள்.

அந்தப் பத்து நாளில் ஒரு முறை நான் தெரியாமல் ஒரு தப்புச் செய்துவிட்டேன். கடைக்குப் போகும்போது, "இங்கேயே உக்காந்திரு" என்று வாய் தவறி வந்துவிட்டது. திரும்பி வர ஒரு மணி நேரம். அண்ணி வாசலில் நின்றார். "என்ன சொன்னீங்க அவகிட்ட? சாப்பிடக் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குறா." நான் போய்த் தூக்கினேன். பாவாடை நனைந்திருந்தது.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு எனக்குத் தண்ணீர்ச் சத்தம் ஆகாமல் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு தண்ணீரிலிருந்து எங்கே ஒளிவது? ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். தெருக்குழாயில் குடம் நிரம்பும்போது நடுவில் யாரோ 'சித்தப்பா' என்பார்கள். குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். குடத்துக்காரப் பெண்கள், "என்ன தம்பி, அடைச்சுப்புட்டீங்க?" என்று சத்தம் போடுவார்கள். இன்றும் நான் ஒரு வாளியை முழுதாக நிரப்புவதில்லை.

ஆனியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அண்ணன் கூட்டிப் போனார். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல முடியாத பிள்ளையை எப்படிச் சேர்ப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்ட வாரம் நான் வகுப்பில் என் பெயருக்குப் பதில் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்புப் பழம். வேட்டியில் தோட்டத்துச் சேறு காயாமல் இருந்தது. அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்.

"பேசிட்டாடா."

"என்ன சொன்னா?"

"சோறு வாயில வச்சா. 'கொழம்புல உப்பு பத்தல'ன்னா. உங்கண்ணி கரண்டியப் போட்டுட்டு அழுவுறா. இவ திரும்பவும் சொல்றா, 'உப்பு பத்தலம்மா, அழாம உப்பக் கொண்டா'ன்னு."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்து, அவர் எதிரிலேயே அழுதேன். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

அண்ணன் பழத்தைப் பிட்டு என் கையில் வைத்தார். "சாப்புடு" என்றார்.

இப்போது அவள் நன்றாகப் பேசுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் கேள்வி கேட்பதில்லை. அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டு இதுவரை நான் கேட்கவில்லை. அண்ணன் ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அருவிக்குப் போன நாளிலிருந்து உப்பு கேட்ட நாள் வரை அவள் குரல் இல்லாமல் அந்த வீடு இருந்த நாட்கள் இருநூற்று நாற்பத்து மூன்று.