ராகு காலத்தைப் பிடிக்க ஓடிய வேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்குச் செட்டிகுளத்திலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய ஊர் கீழப்பழுவூர். பெரம்பலூர், அரியலூர் வழியாகச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். வேன் நிறைய ஆட்கள், சீர்வரிசைத் தட்டுகள், ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை செல்வராசு திருச்சியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். நான் தஞ்சாவூர்க்காரன். இந்தச் சாலையில் போவது எனக்கு அதுவே முதல் தடவை.

கல்யாணம் மாலை ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்பது சுவரில் காலண்டர் மாட்டியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் அப்பா அறிவழகனுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தைக் குறித்தார். பள்ளி ஆசிரியர், கறுப்புச் சட்டைக்காரர். மகள் கல்யாணத்தில் தாலி கூடாது, நல்ல நேரம் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. செல்வராசின் அம்மா அஞ்சலையோ செட்டிகுளம் மலை முருகனைக் கேட்காமல் கோழி அடை வைக்க மாட்டார். இரண்டு முறை பேச்சு முறிந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. தாலி அந்தம்மாவுக்கு, ராகு காலம் வாத்தியாருக்கு.

ஆலத்தூர் கேட்டில் முதல் நிறுத்தம். மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவிந்தசாமிக்கு டீ குடிக்க வேண்டுமாம். டீ நாற்பது காசு. அதை அவர் நாற்பது வாயாகக் குடித்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்க இறங்கியவர், ஒரு முழம் கதம்பத்துக்குக் கடைக்காரியோடு ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு வந்தார். டவுனைத் தாண்டியதும், “பாய், செத்த ஓரங்கட்டுங்க, வயிறு சரியில்ல” என்று ஒரு சோளக்காட்டுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

டிரைவர் சுல்தான் லப்பைக்குடிகாட்டுக்காரர். என் காதருகே குனிந்து, “சார், இவருக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு. ஆறு மணி வரைக்கும் வண்டியை உருட்டிக்கிட்டே இருக்கணும்னு பாக்குறாரு” என்றார்.

நாலு மணிக்கு அரியலூருக்கு முன்னால் நிஜமாகவே டயர் பஞ்சர். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும் சாலை அது. கீழே இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லோர் தலையும் நரைத்துவிட்டது. மாப்பிள்ளைக்குத்தான் அதிகம்.

சுல்தான் ஜாக்கியைத் தேடினார். காணோம். “காலையில நாந்தானே சார் வச்சேன்!” என்று வண்டிக்கு அடியில், சீட்டுக்கு அடியில், சீர்வரிசைத் தட்டுக்கு அடியில்கூடப் பார்த்தார். கோவிந்தசாமி மட்டும் தேடவில்லை. புளியமரத்தடியில் துண்டை விரித்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலையம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராக அவரிடம் போனார்.

“அண்ணே, எந்திரி.”

“காலு மரத்துப் போச்சு தங்கச்சி.”

“எந்திரின்னா எந்திரி!” என்று தோளைப் பிடித்து இழுத்தார். துண்டுக்கு அடியில் ஜாக்கி இருந்தது.

“உனக்காகத்தானே செஞ்சேன்! ராவு காலத்துல தாலி கட்டுனா புள்ளைக்கு ஆவுமா?” என்றார் கோவிந்தசாமி.

“எனக்கு மட்டும் பயம் இல்லியா? நேத்து ராத்திரி கண்ணே மூடல. ஆனா அந்த மனுசன் எம்பேச்சைக் கேட்டுத் தாலிக்கு ஒத்துக்கிட்டாரு. அவரு ஆளுங்ககிட்ட என்ன பேச்சு வாங்குனாரோ. நான் வாக்கு மாறிட்டு எந்த மூஞ்சியோட மலையேறி முருகனப் பாப்பேன்? பாய், அஞ்சரைக்குள்ள போயிடலாமா?”

“இன்ஷா அல்லாஹ், போயிடலாம்மா. எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. கெட்டியாப் புடிச்சுக்குங்க.”

அரியலூரை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஜன்னலில் ஏதோ ஊர் ஒன்று பறந்து போயிற்று.

ஐந்தரை தாண்டிக் கீழப்பழுவூர் சேர்ந்தோம். அரிசி ஆலைக் களத்தில் பந்தல். வாசலில் கறுப்புச் சட்டையோடு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். நல்ல நேரம் பார்க்காத மனிதர் அவ்வளவு தடவை நேரம் பார்த்து நான் கண்டதில்லை. “ஏன் இவ்வளவு லேட்டு?” என்று அதட்டினார். சுல்தான் ஜாக்கி கதையை ஒன்று விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே வாத்தியார் பந்தலுக்குள் பார்த்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு அஞ்சலையம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் விபூதிப் பொட்டலம், உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

வாத்தியார் மேடையேறி மைக்கைப் பிடித்தார். “ரெண்டே வார்த்தை” என்றார்.

பெண் கல்வியில் தொடங்கினார். அங்கிருந்து ஏரி மராமத்துக்குப் போனார். பிறகு கடலைச் சாகுபடி. மாலையோடு நின்றிருந்த மாப்பிள்ளையும் பெண் கயல்விழியும் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். இன்னொரு கறுப்புச் சட்டைக்காரர் பதறிப்போய் மேடையோரம் வந்து, “ஐயா, ராகு காலம் போயிடப் போவுதுய்யா!” என்றார்.

“போனாப் போவட்டும்யா” என்றார் வாத்தியார், மைக்கை மூட மறந்து. பந்தல் முழுக்கக் கேட்டது.

அஞ்சலையம்மா எழுந்துவிட்டார். “சம்பந்தி! எதுக்கு இழுக்குறீங்கன்னு எனக்குத் தெரியுது. நான் விழுந்தடிச்சு ஓடியாந்தது கடலைக்கு உரம் வைக்கிறதக் கேக்கவா? மொதல்ல கல்யாணத்தை முடிங்க!”

“உக்காருங்க சம்பந்தியம்மா. இன்னும் அஞ்சு நிமிசம். நீங்க பயந்துக்கிட்டே பாக்குற கல்யாணம் எனக்கு வேணாம்.”

“நீங்க கொள்கைய வுட்டுட்டுப் பண்ற கல்யாணம் எனக்கும் வேணாம்!”

“கொள்கை எங்கிட்டத்தாங்க இருக்கு. எந்த நேரமும் நல்ல நேரந்தான்னு சொல்றவன் நான். அதுல ஆறு மணியும் சேத்தி!”

“அப்ப அஞ்சு அம்பதும் சேத்தி. முடிங்க!”

எங்கள் தலைகள் மேடைக்கும் முன்வரிசைக்குமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று போட்டோக்காரரின் ஃபிளாஷ் அடித்தது. திரும்பிப் பார்த்தோம். செல்வராசு தாலி கட்டி முடித்திருந்தான். “எனக்குக் கால் வலிச்சுதுப்பா. நாந்தான் கட்டுங்கன்னு சொன்னேன்” என்றாள் கயல்விழி.

அஞ்சலையம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாத்தியார் மேடையிலிருந்து இறங்கி வந்து அவரைக் கும்பிட்டார். கோவிந்தசாமி மட்டும், “எத்தினி மணிக்குக் கட்டுனான்? யாராச்சும் பாத்தீங்களா?” என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்தார். என் கடிகாரத்தில் ஆறுக்கு ஒரு நிமிடம். பக்கத்தில் இருந்தவருடையதில் ஆறு மூன்று. போட்டோக்காரருடையது காலையிலேயே நின்று போயிருந்தது.

சாப்பாடு முடிந்து தஞ்சாவூர் பஸ்ஸுக்காகச் சாலைக்கு வந்தேன். அங்கே நின்றபோது எங்கள் தெருப் பெரியவர்கள் இருவர் நினைவுக்கு வந்தார்கள். ஒரே கோயில், ஒரே சாமி, இருவரும் ஒரு வேளைப் பூஜைகூடத் தவறாதவர்கள். தேர்த் திருவிழாவில் யாருக்கு முதலில் மாலை போடுவது என்ற தகராறில், நான் கால்சட்டை போட்ட காலத்திலிருந்து அவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை.

பஸ் வந்தது. வழியனுப்ப வந்த சம்பந்திகள் இருவரும் அப்போதும் சண்டையில் இருந்தார்கள்.

“ஆறு தாண்டித்தாங்க கட்டுனாரு. நல்ல நேரந்தான், கவலப்படாதீங்க” என்றார் வாத்தியார்.

“அதெல்லாம் இல்ல. சுத்தமான ராவு காலம். நான் சொல்றேன்” என்றார் அஞ்சலையம்மா.